பதற்றத்தால் புகைக்கிறேனா, புகைப்பதால் பதற்றமா?

அரைத்தூக்கம்:

கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். வயது 38. கல்லூரிக் காலத்தில் தொற்றிக்கொண்ட சிகரெட், இப்போது ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஓடுகிறது. சில வருடங்களுக்கு முன்னால் நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை என்று போய் நின்றபோது பதற்ற நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை நன்றாகவே வேலை செய்கிறது, தூங்குகிறேன், சாப்பிடுகிறேன், நாலு பேர் முன்னால் பேசுகிறேன், ஆனால் சிகரெட் மட்டும் ஒன்றுகூடக் குறையவில்லை.

பதற்றம் இருப்பதால்தான் புகைக்கிறேன் என்றுதான் இத்தனை நாளும் என் நினைப்பு. மேலதிகாரியின் பெயர் கைபேசியில் தெரிந்தாலே போதும், அழைப்பை எடுப்பதற்கு முன்பே இடது கை சட்டைப்பையில் லைட்டரைத் தடவ ஆரம்பித்துவிடும். இரண்டு இழுப்பு இழுத்தால் தோள் கீழே இறங்கும், குரல் நிதானத்துக்கு வரும். இது பிரமை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன், என் உடம்பில் நடப்பது எனக்குத் தெரியாதா. ஆனால் குழப்பம் எங்கே என்றால், யாரும் அழைக்காத, எந்த வேலையும் இல்லாத விடுமுறை நாளிலும் மணிக்கொரு தரம் அதே படபடப்பு வந்து நிற்கிறது. அன்றைக்கு எதைப் பார்த்துப் பதறுகிறேன்?

முன்பு பார்த்த மருத்துவர் ஒருவர், "இருக்கிற பதற்றத்தில் சிகரெட்டையும் பிடுங்க வேண்டாம், முதலில் இது சரியாகட்டும்" என்று சொல்லியிருந்தார். விட்டால் பழைய நிலைக்கே போய்விடுவேனோ என்று உள்ளுக்குள் பயம். வீட்டிலோ "மனசு வைத்தால் முடியும்" என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. என் தம்பி எப்போதாவது ஒன்று புகைப்பான், அப்புறம் மாதக்கணக்கில் தொடமாட்டான். ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பேரில் அவனுக்கு மட்டும் எப்படி அது முடிகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி:

தம்பி, விடுமுறை நாளைப் பற்றிக் கேட்டீர்களே, அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. நான் மனநலப் பிரிவில் நர்ஸ், அதனால் இதை இரண்டு பக்கமிருந்தும் பார்த்தவள்.

புகையை இழுத்தால் நிகோடின் 10 முதல் 20 விநாடிக்குள் மூளையைத் தொட்டுவிடும். டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் சுரக்கும், இதமாக இருக்கும், கவனமும் கூடும். அது பிரமை அல்ல, நீங்கள் சொல்வது சரிதான். சிக்கல் அதற்கப்புறம். இரத்தத்தில் இருக்கும் நிகோடின் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். வருடக்கணக்கில் புகைத்தவர்களின் மூளையில் நிகோடினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் எண்ணிக்கையில் பெருகியிருக்கும், அவை காலியாகக் காலியாக எரிச்சல், தவிப்பு, படபடப்பு, ஒன்றில் மனம் நிற்காமை என்று வரிசையாகக் கிளம்பும். இந்தப் பட்டியலையும் பதற்ற நோயின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அனுபவிக்கிறவருக்கே எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்த சிகரெட் அந்தத் தவிப்பை அடக்கும்போது, ஏதோ வாழ்க்கையின் பதற்றத்தையே அடக்கியதாகத் தோன்றுகிறது. கடன் கொடுத்தவனே வட்டி கட்டவும் மறுபடி கடன் கொடுக்கிறான், நாம் அவனைப் புண்ணியவான் என்கிறோம், அவ்வளவுதான். ஆண்டி பாரட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1999-இல் இதைத்தான் எழுதினார்: புகைப்பவர்களின் மன அழுத்தம் புகைக்காதவர்களைவிடச் சற்று அதிகம், வழக்கமாகப் புகைக்கத் தொடங்கும்போது ஏறுகிறது, விட்டபின் இறங்குகிறது.

அதற்காக உங்கள் நோயே பொய் என்று ஆகிவிடாது. உண்மையான பதற்றமும் இருக்கிறது, அதன்மேல் சிகரெட் உண்டாக்கும் பதற்றமும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. விடுமுறை நாளில் உங்களிடம் வருவது பெரும்பாலும் இரண்டாவது.

அந்த மருத்துவர் சொன்னதைப் பற்றி. அப்படிச் சொல்பவர்கள் நிறைய இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். சொன்னதைக் கேட்டு நல்லபடியாக நடந்துகொண்டால் ஒரு சிகரெட் என்று நோயாளிகளுக்குப் பரிசாகவே கொடுத்த காலம் பல நாட்டு மனநல மருத்துவமனைகளில் இருந்தது. அதன் விளைவையும் பார்த்தோம். அமெரிக்காவில் 2000-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விகிதத்தில் புகைக்கிறார்கள் என்றும், அந்நாட்டில் புகைக்கப்பட்ட சிகரெட்டில் சுமார் 44 சதவீதம் அவர்கள் கையால்தான் என்றும் கணக்குக் காட்டியது. தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னதாக இறப்பதில் தற்கொலையைவிட இதய நோயும் நுரையீரல் நோயும்தான் பெரிய பங்கு, அதற்குப் பின்னால் நிற்பதில் முக்கியமானது இந்தப் புகை.

விட்டால் மனம் மோசமாகுமா என்பதற்கும் பதில் உண்டு. 2014-இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு வந்தது. விட்டவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மன அழுத்தமும் குறைந்திருந்தன, தொடர்ந்து புகைத்தவர்களோடு ஒப்பிட்டால் அந்த முன்னேற்றம் மனச்சோர்வு மாத்திரையால் கிடைக்கும் பலனுக்குக் குறையாத அளவு. மனநோய் உள்ளவர்களுக்கும் அதே கதைதான். 2021-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 102 ஆய்வுகள், 1,69,000 பேருக்கு மேல் என்று இன்னும் பெரிதாகப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. ஒன்று சொல்லிவிடுகிறேன், இவை பெரும்பாலும் விட்டவர்களையும் விடாதவர்களையும் பின்தொடர்ந்து ஒப்பிட்டவை, யார் எந்தக் குழு என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனைகள் அல்ல, மனம் தேறியதால்தான் சிலர் விட்டார்களோ என்ற கேள்வி கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஆனால் விட்டால் மனநிலை மோசமாகும் என்ற பயத்துக்கு அவற்றில் ஆதாரம் இல்லை.

நேர்வாளன்:

இத்தனை ஆராய்ச்சி எதற்கு? என் பெரியப்பா நாற்பது வருடம் புகைத்தவர், ஒருநாள் காலையில் பாக்கெட்டைக் கசக்கிக் குப்பையில் போட்டார், சாகும்வரை தொடவில்லை. நோய், மரபணு, சின்ன வயதுக் காயம் என்று ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தால் எவன்தான் விடுவான்? உறுதி இருப்பவன் விடுகிறான், இல்லாதவன் கட்டுரை படிக்கிறான்.

மாடிப்படி:

நேர்வாளன் பாஸ், உங்கள் பெரியப்பாவுக்கு ஒரு வணக்கம், நிஜமாகவே சொல்கிறேன். ஆனால் எந்த உதவியும் இல்லாமல் விட முயல்பவர்களில் 6 மாதம் ஒரு வருடம் தாண்டி நிற்பவர்கள் ஒரு முயற்சிக்கு 3 முதல் 5 சதவீதம்தான், பெரும்பாலானவர்கள் முதல் வாரத்திலேயே சறுக்கிவிடுகிறார்கள். பெரியப்பா அந்த நூற்றுக்கு ஐந்தில் ஒருவர். மிச்சம் இருக்கிற தொண்ணூற்றைந்து பேரும் மனசு வைக்காதவர்களா? நாங்கள் வைத்தோம்.

அரைத்தூக்கம் சகோ, உங்கள் தம்பி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் அக்கா அப்படித்தான், அவளைப் பார்த்து நான் எரிந்த எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் புகையிலைக்கு அடிமையாவதில் ஏறத்தாழ பாதியை மரபணுவின் கணக்கில் எழுதுகின்றன. ஈரலில் நிகோடினை உடைக்கும் நொதி சிலருக்கு வேகமாக வேலை செய்யும், அவர்களுக்கு இரத்தத்தில் சீக்கிரம் வற்றிவிடும், சீக்கிரம் அடுத்தது வேண்டும். மெதுவாக உடைப்பவர்கள் பொதுவாகக் குறைவாகப் புகைப்பார்கள், விடுவதும் அவர்களுக்குக் கொஞ்சம் சுலபம். 15-ஆம் குரோமோசோமில் நிகோடின் ஏற்பியைச் செய்யும் மரபணு ஒன்றின் வகையைப் பொறுத்தும் எத்தனை சிகரெட் என்பது மாறுகிறது. கூடப்பிறந்தவர்களுக்குள் இதெல்லாம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று இல்லை.

மிச்சப் பாதியில்தான் நம் குணமும் வாழ்க்கையும் வருகின்றன. சட்டென்று பதறுகிற, எதையும் மனதில் போட்டு உழற்றுகிற சுபாவம் உள்ளவர்களுக்கு விடுவது கடினம். யோசிக்காமல் இறங்கிவிடும் சுபாவம் உள்ளவர்கள் தொடங்குவதே சீக்கிரம். கவனக்குறைவு நோய் (ஏடிஎச்டி) உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகம் பேர் புகைக்கிறார்கள், சின்ன வயதிலேயே தொடங்குகிறார்கள். நிகோடின் அவர்களுக்குக் கொஞ்ச நேரம் கவனத்தைக் கட்டிப்போட்டுக் கொடுக்கிறது, அதனால் அவர்களிடம் போய் "அது உனக்கு எதுவுமே செய்யவில்லை" என்று சொன்னால் சிரிப்பார்கள். எனக்கும் அந்த நோய் உண்டு, முப்பது தாண்டித்தான் கண்டுபிடித்தார்கள். சின்ன வயதில் அடி, வசவு, வீட்டுக்குள் வன்முறை என்று எத்தனை வகைத் துன்பம் பட்டிருக்கிறார்களோ அதற்கேற்ப வளர்ந்தபின் புகைப்பதும் கூடுகிறது என்று 1990களின் இறுதியில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்டுச் செய்த ஆய்வு காட்டியது. தனிமை, வேலையின்மை, கூட இருப்பவர் புகைப்பது, குடிப்பழக்கம் இவற்றைச் சொல்லவே வேண்டாம். காரணம் தெரிந்தால் சாக்கு கிடைக்கும் என்கிறார் பாஸ். எனக்குக் காரணம் தெரிந்தபிறகுதான் சரியான உதவி கிடைத்தது. கவனக்குறைவுக்கு மருந்து எடுக்க ஆரம்பித்து, அப்புறம்தான் சிகரெட்டில் கை வைத்தேன்.

விட்ட முதல் இரண்டு மூன்று நாள்தான் உச்சம். ஒரு மின்னஞ்சலின் முதல் வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மண்டையில் எதுவும் ஏறவில்லை. பக்கத்தில் ஒருவர் பேனாவை டிக் டிக் என்று அழுத்தினார், எழுந்துபோய்ப் பிடுங்கி எறியத் தோன்றியது. இதைப் பார்த்துவிட்டு "ஐயோ, நோய் திரும்பிவிட்டது" என்று பயந்து மறுபடி பற்றவைப்பவர்கள் ஏராளம். இது நிகோடின் இறங்குவதால் வருவது, 2 முதல் 4 வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் அடங்காமல் போனால், அல்லது நடுவிலேயே வாழ்வே வேண்டாம் என்பதுபோல் எண்ணம் வந்தால், காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். காலையில் கண் விழித்ததிலிருந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்? நிகோடினுக்கு எவ்வளவு அடிமை என்று அளக்க ஃபாகர்ஸ்ட்ராம் கேள்வித்தாள் என்று ஒன்று உண்டு, அதில் அதிக மதிப்பெண் வாங்கித்தரும் கேள்விகளில் அது ஒன்று. 5 நிமிடத்துக்குள் என்றால் சும்மா மனவுறுதியை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

வெள்ளைக்காகிதம்:

இதை யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். என் கணவருக்கு மனச்சிதைவு நோய், குளோசபின் எடுக்கிறார். சிகரெட் புகையில் உள்ள தார் வகைப் பொருட்கள் ஈரலில் ஒரு நொதியை முடுக்கிவிடும், அது குளோசபின், ஒலான்சபின் போன்ற மருந்துகளை வேகமாகக் கரைத்துவிடும். புகைப்பவருக்கு அதனால் டோஸ் கூடுதலாக வைத்திருப்பார்கள். திடீரென்று சிகரெட்டை நிறுத்தினால் அதே மாத்திரை சில நாட்களிலேயே இரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறிவிடும். இவர் காய்ச்சலில் படுத்து ஒரு வாரம்போல் புகைக்காமல் இருந்தபோது வாயில் எச்சில் ஒழுக, எழுப்பினாலும் எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தார். காய்ச்சலின் அசதி என்றே வீட்டில் எல்லோரும் இருந்தோம். இரத்தப் பரிசோதனையில்தான் மருந்தின் அளவு ஏறியிருப்பது தெரிந்தது, டோஸைக் குறைத்தார்கள். இது நிகோடினால் வருவதல்ல, புகையால் வருவது, ஆகவே சிகரெட்டுக்குப் பதிலாக நிகோடின் பேட்ச் (தோலில் ஒட்டும் பட்டை) ஒட்டிக்கொண்டாலும் டோஸைப் பார்த்தே ஆக வேண்டும். இந்த மாத்திரைகள் எடுப்பவர்கள் யாராக இருந்தாலும் விடப்போகும் தேதியை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காபிக்கும் இதே நொதிதான். விட்டபின் அதே அளவு காபி குடித்தால் காஃபீன் ஏறக்குறைய இரட்டிப்பாக உடம்பில் நிற்கும், படபடப்பு வரும், தூக்கம் போகும், பழி சிகரெட்டை விட்டதன்மேல் விழும்.

அரைத்தூக்கம்:

காபி விஷயம் புதிதாக இருக்கிறது. நான் ஒரு நாளைக்கு ஐந்தாறு குடிக்கிறவன்!

மாடிப்படி, முதல் சிகரெட் பல் தேய்ப்பதற்கு முன்பே. இரவுப்பணி அக்கா, நான் எடுப்பது எஸ்சிட்டலோப்ராம், அதற்கும் டோஸ் மாறுமா? அப்புறம் சிகரெட்டை நிறுத்த உதவும் வரெனிக்லின் என்ற மாத்திரையைப் பற்றி இணையத்தில் படித்தபோது தற்கொலை எண்ணம் வரும், மனநோய் உள்ளவர்கள் தொடக்கூடாது என்று இருந்தது. அதைப் படித்த அன்றே இந்த யோசனையை மூட்டைகட்டி வைத்துவிட்டேன்.

இரவுப்பணி:

எஸ்சிட்டலோப்ராம் வேறு நொதிகளின் வழியில் போகிறது, புகையை நிறுத்துவதால் அதில் பெரிதாக எதுவும் மாறாது. இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அவர் எப்படியும் உங்களைக் கொஞ்சம் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

நீங்கள் படித்தது பழைய எச்சரிக்கை. ஒரு காலத்தில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வரெனிக்லின் பெட்டியின்மேல் கறுப்புக் கட்டம் போட்டு அப்படி எச்சரித்தது உண்மை. அதைச் சோதிக்கவே பெரிய ஆய்வு ஒன்று நடந்தது, 8,144 பேர், அவர்களில் பாதிப் பேர் மனநோய் உள்ளவர்கள், 2016-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இதுதான் சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை: ஒரு குழுவுக்கு வரெனிக்லின், ஒன்றுக்கு புப்ரோபியான், ஒன்றுக்கு நிகோடின் பேட்ச், ஒன்றுக்கு வெறும் போலி மாத்திரை. மனநோய் உள்ளவர்களிடம் மனநிலைத் தொந்தரவு மற்றவர்களைவிடக் கூடுதலாக வந்தது, ஆனால் போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் அதேபோல்தான் வந்தது. மருந்தால் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. விட்டவர்கள் எண்ணிக்கையில் வரெனிக்லின் முதலிடம், மற்ற இரண்டும் போலி மாத்திரையைவிட மேல். அந்த வருடக் கடைசியில் கறுப்புக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். வரெனிக்லினில் குமட்டல் வரும், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், கனவுகள் கன்னாபின்னாவென்று வரும். புப்ரோபியான் மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மருந்துதான், ஆனால் வலிப்பு வந்தவர்களுக்கு ஆகாது, பதற்றம் முதன்மையாக இருப்பவர்களில் சிலருக்குப் படபடப்பைக் கூட்டவும் செய்யும். உங்களுக்கு எது என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

பல் தேய்க்கும் முன்பே என்றால் நிகோடினைத் தனியாகக் கொடுத்து இறக்குவது உங்களுக்குப் பொருந்தும். நாளைக்கு 10-க்கு மேல் புகைப்பவர்களுக்கு வழக்கமாக 21 மில்லிகிராம் பேட்சில் தொடங்கி 6 வாரம், அப்புறம் 14-இல் 2 வாரம், 7-இல் 2 வாரம். அதோடு திடீர் தவிப்புக்கு நிகோடின் சூயிங்கமும் சேர்த்தால் ஒன்றை மட்டும் எடுப்பதைவிடப் பலன் கூடுதல். சூயிங்கத்தை மற்றதுபோல் சவைத்துக்கொண்டே இருந்தால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். நாலு தரம் கடித்து, காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிடுங்கள், காரம் போனதும் மறுபடி கடியுங்கள். மேலதிகாரி அழைக்கும்போது கை தேடுகிற லைட்டரின் இடத்தில் இது இருக்கட்டும்.

விட்டபின் ஒரு வருடத்தில் சராசரியாக நாலைந்து கிலோ ஏறும், அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எடையைப் பார்த்து மனம் உடைந்து திரும்பி வருவீர்கள். நடுவில் ஒன்று புகைத்துவிட்டால் "எல்லாம் போச்சு" என்று பாக்கெட்டே வாங்கிவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் சறுக்கல். ஒன்று ஒன்றோடு போகட்டும், பேட்சைக் கழற்ற வேண்டாம்.

நேர்வாளன்:

3 சதவீதம் என்பது தெரியாது. என் பெரியப்பாவைக் கேட்டிருந்தால் அவரும் விட்ட அந்த மாதத்தில் வீட்டில் எல்லாரிடமும் சண்டை போட்டதை ஒத்துக்கொண்டிருப்பார், பெரியம்மா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுவாள். ஆனால் மாத்திரை, பேட்ச் எல்லாம் கொடுத்தாலும் அந்த ஆளே முடிவெடுக்காமல் எதுவும் நடக்காது, அதிலிருந்து நான் இறங்கமாட்டேன்.

மாடிப்படி:

இறங்க வேண்டாம் பாஸ், அதில் யாருக்கும் தகராறு இல்லை. முடிவெடுத்தவனுக்குக் கையில் ஏதாவது கொடுங்கள் என்கிறோம்.

அரைத்தூக்கம்:

அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கிவிட்டேன், வேறு மருத்துவர். காபியை இன்றிலிருந்தே பாதியாக்குகிறேன், சிகரெட்டை விடும் நாளில் எல்லாம் ஒன்றாக வந்து தாக்க வேண்டாம். ஒரு சின்னச் சந்தேகம், பேட்சோடு குளிக்கலாமா? இரவில் கழற்றினால் காலையில் அந்த முதல் சிகரெட் நேரத்துக்கு என்ன செய்வது?

இரவுப்பணி:

குளிக்கலாம், தேய்க்காதீர்கள். ஒட்டும் இடத்தில் எண்ணெயோ கிரீமோ இருக்கக்கூடாது, முடி இல்லாத, காய்ந்த தோலாகப் பார்த்து மேல்கையிலோ மார்பிலோ ஒட்டுங்கள். தினமும் இடம் மாற்றுங்கள், ஒரே இடத்தில் ஒட்டினால் சிவந்து அரிக்கும். கனவு தொந்தரவு இல்லையென்றால் 24 மணி நேர வகையை இரவிலும் விட்டுவிடலாம், காலைத் தவிப்புக்கு அதுதான் நல்லது. கழற்றியே ஆக வேண்டும் என்றால் சூயிங்கத்தைக் கட்டில் பக்கத்திலேயே வையுங்கள், எழுந்ததும் பேட்சை ஒட்டிவிட்டு அதை வாயில் போடுங்கள், பேட்ச் வேலை செய்யக் கொஞ்ச நேரம் பிடிக்கும். சூயிங்கம் வாயில் இருக்கும்போதும் அதற்கு முந்தைய கால் மணி நேரமும் காபி கூடாது, நிகோடின் சரியாக உள்ளே போகாது.